பட்டாளத்து முகாமுக்குள் ஓர் அருங்காட்சியகம்: வேலூரிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு பட்டாளத்து வீடு இருக்கும். கம்மவான்பேட்டைக்கு 'பட்டாளத்து ஊர்' என்றே பெயர். முதல் உலகப்போர் காலத்திலிருந்து அங்கிருந்து ஆள் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த வீடுகளில் சீருடையோடு தாத்தா நிற்கும் படம் சுவரில் மாட்டியிருக்கும். தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே போனார், என்ன செய்தார் என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டால் "மிலிட்டரியில இருந்தாரு" என்பதோடு நின்றுவிடும்.

பழைய வடாற்காடு மாவட்டத்திலிருந்து போனவர்களில் பலர் சேர்ந்த இடங்கள் இரண்டு. ஒன்று, மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இன்னொன்று, சாப்பர்ஸ் என்று எல்லோரும் சொல்லும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்; பாதை, பாலம் போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. அதன் மையம் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில். இரண்டுக்கும் சொந்த அருங்காட்சியகம் உண்டு. இரண்டுமே ராணுவ எல்லைக்குள் இருப்பதால், எழும்பூர் மியூசியத்துக்குப் போவதுபோல டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. நம் ஊருக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூரு என்பதால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தைப் பற்றியது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் உயிரோடு இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் போனால் பார்ப்பது கண்ணாடிப் பெட்டிகளை. அவரோடு போனால் அந்தப் பெட்டிகள் பேச ஆரம்பிக்கும். முழங்கால் வலி, வெயில், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதல் படி: டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

பயணம் தொடங்குவது வீட்டு டிரங்குப் பெட்டியில்தான். தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக். அதில் ராணுவ எண், சேர்ந்த தேதி, பிரிவு, தொழில், கடைசிப் பதவி, பெற்ற பதக்கங்கள் எல்லாம் இருக்கும். பென்ஷன் வாங்குகிறவராக இருந்தால் பென்ஷன் ஆணையிலும் எண்ணும் பதவியும் இருக்கும். ராணுவ எண்ணும் பிரிவின் பெயரும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

காகிதம் எதுவும் மிஞ்சவில்லை என்றால் பதக்கத்தைப் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களிலும் சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கங்களிலும் விளிம்பைச் சுற்றி எண், பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் படிக்கலாம். பார்க்கவேண்டும் என்ற ஆர்வத்தில் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துலக்கித் துலக்கியே எழுத்து தேய்ந்துபோன பதக்கங்கள் நம் பக்கம் நிறைய. எழுத்து போனால் அந்த மனிதரின் ஒரே எழுத்துச் சான்றும் போய்விடும். பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

பதக்கமும் இல்லையா? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அங்கே எண் கிடைத்தால், அதை வைத்து அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். வாரிசு என்பதற்கான சான்று கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

கிடைத்த எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போங்கள்.

இரண்டாம் படி: முதலில் நம் கோட்டை

பெங்களூருக்கு ரயில் ஏறும் முன் ஒரு காலைப்பொழுதை வேலூர் கோட்டைக்குக் கொடுங்கள். தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம்தான், ஆனால் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கப்போகிற பல பொருள்களுக்கு முன்னுரை இங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

லாங் பஜார் மணிக்கூண்டில் தொடங்குங்கள். காய்கறிக் கூட்டத்துக்கு நடுவே அதன் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. நம் ஊர்ப் பட்டாளத்து வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல முதல் பக்கம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து கோட்டைக்கு. விஜயநகர ஆட்சிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் கோட்டை, 133 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாபு என்று கைமாறி 1760இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஹைதர் அலியின் படை 1780 முதல் 1782 வரை முற்றுகையிட்டும் விழவில்லை. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்ததும் இங்கேதான்.

மதிலில் ஏற அனுமதிக்கும் இடத்தில் ஏறி, வாயிலைப் பார்த்து நின்றுகொண்டு 1806ஐப் பற்றிப் பேசுங்கள். நின்ற இடத்தில் சொன்னால்தான் அந்த நிகழ்ச்சி மனதில் பதியும்.

1805 நவம்பரில் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் ஒரு புதிய ஆணை போட்டார். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் கொண்டை வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துச் சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் இருவருக்குமே அது பொறுக்க முடியாததாக இருந்தது. 1806 மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10ஆம் தேதி விடியுமுன், சுமார் இரண்டு மணிக்கு, கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த வெள்ளையர்களில் 115 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் படுக்கையிலேயே. மைசூர்க் கொடி ஏறியது.

சேதி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கில்லஸ்பி என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். வாயிலுக்கு மேலே மதிலில் தாக்குப்பிடித்து நின்ற சிலர் இறக்கிய கயிற்றைப் பிடித்து அவர் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. அதற்குப் பிறகு நடந்தது கொடூரம். சுமார் நூறு சிப்பாய்களை அரண்மனையிலிருந்து வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் 350க்குக் குறையாது என்பது பொதுவான கணிப்பு. விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. பிறகு அந்த உடை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1857க்கு 51 ஆண்டுகள் முன்னால், ஒரு தலைப்பாகையை முன்னிட்டு நடந்தது இது.

தலைப்பாகையை நினைவில் வைத்திருங்கள். பெங்களூரில் அது மறுபடி வரும்.

இறங்கி அரசு அருங்காட்சியகத்துக்குள் போனால், போர் சம்பந்தப்பட்டதில் தவறவிடக் கூடாதது வீரக்கற்கள். கன்றுகாலியை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு ஊரார் நட்ட கல், இந்தப் பகுதியின் மிகப் பழைய போர் நினைவுச்சின்னம். கண்டி அரசன் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் அங்கே இருக்கிறது. 1815இல் அரியணை இழந்து வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே மறைந்தவர் அவர். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் அடக்கமான இடம்.

கோட்டைக்குள் சில கட்டடங்கள் காவல்துறைப் பயிற்சிக்கும் அலுவலகங்களுக்கும் பயன்படுகின்றன. திப்பு மகால் பக்கம் போக நினைப்பவர்கள் காவலரிடம் கேட்டுவிட்டு நகருங்கள். வெளியே வந்ததும் மக்கான் சந்திப்பில் 1806 நினைவுத் தூண் இருக்கிறது. சாலையைக் கடந்து போய் நின்று பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் நில்லுங்கள்.

மூன்றாம் படி: அனுமதிக் கடிதம்

ஓய்வுபெற்றவர் தன் பெயரிலேயே எழுதுவதுதான் சிறந்த வழி. தன் பிரிவின் மையத்துக்கு ஒரு முன்னாள் சாப்பர் எழுதும் கடிதத்துக்கு உள்ளே தனி மரியாதை உண்டு. அவர் இல்லாத குடும்பம், வாரிசு என்று சொல்லி எழுதலாம். பள்ளி, கல்லூரி என்றால் தலைமையாசிரியர் அல்லது முதல்வர் கையெழுத்தோடு நிறுவனத் தாளில் எழுத வேண்டும்.

மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையத்தின் கமாண்டன்ட்டுக்கு முகவரியிட்டு, அருங்காட்சியகம் பார்க்க அனுமதி வேண்டி எழுதுங்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவர் பெயர், வயது, உறவுமுறை, ஆதார் எண். வர விரும்பும் நாளும் மாற்று நாளும். கார் என்றால் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும். முன்னாள் வீரரின் எண், பதவி, பணிசெய்த கம்பெனி. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். முதியவர் வருகிறார், சக்கர நாற்காலி வேண்டும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

ஒரு மாதம் முன்பே அனுப்புவது நல்லது. பதில் வரவில்லையென்றால் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். தொலைபேசியில் உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றை ஒட்டிய நாள்களையும், செப்டம்பர் 30ஐ ஒட்டிய நாள்களையும் தவிர்க்கலாம். செப்டம்பர் 30 சாப்பர்ஸின் பிறந்தநாள்; அப்போது மையமே விழாவில் இருக்கும். அந்த விழாவுக்கே அழைக்கப்பட்ட முன்னாள் வீரர் என்றால் கதை வேறு, கட்டாயம் போங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மகனோ மருமகளோ கூட வருகிறார் என்றால் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். அவர்களுக்கான விதிகள் தனி. அன்றைக்கு வாசலில் போய் நின்று பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல.

நான்காம் படி: போய்ச் சேர்வது

காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். பெங்களூரு கண்டோன்மென்ட்டில் நிற்கிற வண்டியாகப் பார்த்து எடுத்தால் அல்சூர் பக்கத்தில்தான். எழுபது, எண்பது வயதுக்காரரோடு போகிறவர்கள் முந்தின நாளே போய் இரவு தங்கிவிடுங்கள். அதிகாலையில் எழுந்து ரயிலேறிக் களைத்து வந்தவருக்குப் பேசுவதற்குத் தெம்பு இருக்காது. அவர் பேசுவதற்காகத்தானே இந்தப் பயணம். அல்சூர் பழைய தமிழர் குடியிருப்பு, சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் சிரமம் இல்லை.

ஐந்தாம் படி: வாயிலில்

அசல் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். முன்னாள் வீரர் தன் அட்டையை எடுத்து வர வேண்டும். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வையுங்கள், போனில் காட்டலாம் என்று நம்ப வேண்டாம். பை சோதனை நடக்கும், பெயர் பதிவு நடக்கும், சில சமயம் போனை வாங்கி வைப்பார்கள். ராணுவ உடைபோல இருக்கும் பச்சைப் புள்ளிச் சட்டையைப் பிள்ளைகளுக்குப் போட்டு அழைத்துப் போகாதீர்கள். முன்னாள் வீரர் பதக்கம் அணிந்து வர விரும்பினால் அணியட்டும். வாயிலில் நிற்கும் இளம் சிப்பாய் அதைப் பார்க்கும் பார்வையை நீங்களும் பார்க்க வேண்டும்.

உள்ளே படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். அருங்காட்சியகத்துக்குள் அனுமதித்தாலும், வழியில் இருக்கும் கட்டடம், வண்டி, அணிவகுப்பு எதையும் எடுக்கக் கூடாது. எடுத்த படத்தை இடத்தோடு சேர்த்து உடனே பதிவேற்றுவதும் வேண்டாம். அழைத்துப் போகிறவர் காட்டும் வழியை விட்டு விலகாமல் நடந்தால் போதும், மரியாதைக்குக் குறைவே இருக்காது.

ஆறாம் படி: உள்ளே என்ன பார்ப்பது

அவசரமாகச் சுற்றினால் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தொடக்கக் கதை நம் மண்ணோடு பின்னியது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தது. அடுத்த இருபதாவது நாள், செப்டம்பர் 30இல், மூர்ஹவுஸ் என்ற லெப்டினன்ட் மெட்ராஸ் பயோனியர்ஸ் என்று இரண்டு கம்பெனிகளைத் திரட்டினார். பாதை வெட்டவும், பதுங்குகுழி தோண்டவும், மதிலில் ஏணி சாத்தவும் ஆள் வேண்டியிருந்தது. இன்றைய சாப்பர்ஸ் அந்த இரண்டு கம்பெனிகளின் வாரிசு. அவற்றைத் திரட்டிய மூர்ஹவுஸ் 1791இல் இறந்தது பெங்களூர் முற்றுகையில். அதே ஊரில்தான் இப்போது மையம் இருக்கிறது.

இந்தக் கதையில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. அன்றைக்கு மண்வெட்டி பிடித்தவர்கள் நம்மவர்கள், அகழிக்கு அந்தப் பக்கம் நின்று சுட்டவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். அருங்காட்சியகம் தன் பிரிவின் பெருமையைச் சொல்லும், அது அதன் வேலை. கோட்டையில் 1806ஐக் கேட்டுவிட்டு வருகிற நமக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கோட்டையை முதலில் வைத்தேன்.

சீருடை, தலையணி வைத்திருக்கும் பகுதிக்கு வந்ததும் நில்லுங்கள். சாப்பர்ஸுக்கே உரிய டுப்டா என்ற உயர்ந்த தலையணியை இன்றும் விழா அணிவகுப்பில் அணிகிறார்கள். வேலூரில் உயிரைக் கொடுத்து மறுத்தது தலையில் வைக்கும் ஒன்றை. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு தாங்கியதும் தலையில் வைக்கும் ஒன்றைத்தான். பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, பெங்களூர் டார்பிடோ. 1912இல் இந்தப் பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போய், தூரத்தில் இருந்து வெடிக்க வைப்பார்கள். வேலி பிளந்து காலாட்படைக்கு வழி கிடைக்கும். 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் வரை இதைப் பயன்படுத்தின. முன்னாள் சாப்பர் கூட இருந்தால் குழாயை எப்படி மாட்டுவது என்று கையாலேயே காட்டிவிடுவார்.

சுபேதார் சுப்பிரமணியனின் பெயரைத் தேடிப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கத்து கீழ் ஓட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் மிஞ்ஞானோ பகுதியில் கண்ணிவெடி அகற்றும்போது ஒரு வெடி மிதிபட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் குப்புற விழுந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதியில் 1971 டிசம்பர் பசந்தர் ஆற்றுச் சண்டையைப் பற்றிக் கேளுங்கள். டாங்கிகள் ஆற்றைக் கடக்கக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தது மெட்ராஸ் சாப்பர்ஸின் 9ஆவது இன்ஜினியர் ரெஜிமென்ட். டாங்கிப் படையின் வீரத்தை எல்லோரும் படித்திருப்பார்கள். அதற்கு முன்னால் இருட்டில் மண்ணைத் துழாவிக்கொண்டு போனவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் எழுபதுகளில் பணியில் இருந்தவர் என்றால் இங்கே அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஏழாம் படி: பெரியவரைப் பேசவிடுவது

"போர்ல எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்காதபடி முன்பே சொல்லி வையுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பலர் வாயே திறப்பதில்லை. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் இந்த கேட்டுக்குள்ள எப்படி வந்தீங்க? உங்க கூடச் சேர்ந்த நம்ம ஊர்க்காரங்க யாரு? சமையல் யாரு? லீவுல வர எத்தனை நாள் ரயில்ல? பாலம் கட்டுறப்ப உங்க வேலை என்ன? ஒரு பாலத்தின் பலகையைத் தூக்கிய கதையிலிருந்து அவரே தானாகப் போர்முனைக்குப் போவார், அல்லது போகமாட்டார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர் ஒரு படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றால் இடையில் புகுந்து பேசாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு, முகாமுக்கு வெளியே வந்தபின் செய்யுங்கள்.

வெலிங்டனுக்குப் போகிறவர்களுக்கு

உங்கள் வீட்டுப் பெரியவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வழி இதுவேதான். கடிதம் வெலிங்டன் மையத்துக்கு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு காட்பாடியில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில் வெலிங்டன் நிலையத்திலேயே நிற்கும். 1758இல் தொடங்கும் வரலாறு அவர்களுடையது. குளிருக்குக் கம்பளி எடுத்துப் போங்கள், முதியவருக்கு மலை ஏற்றம் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள், அவர் சொன்னதை எழுதிவையுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், கம்பெனி எண், வருடம் ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய குரூப் போட்டோவின் பின்புறம், தெரிந்த முகங்களின் பெயரை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

மையத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பும்போது, உங்களிடம் இருக்கும் பழைய படம், கடிதம் ஆகியவற்றின் நகல் ஆவணக்காப்பகத்துக்குத் தேவையா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் யார், எந்த வருடம், எந்த இடம் என்ற குறிப்போடு நல்ல ஸ்கேனாக அனுப்புங்கள். அசலைக் கொடுப்பதாக இருந்தால் குடும்பத்தில் எல்லோரும் கலந்து பேசி, எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.